தாயின் பெயர் எழுதும் கட்டம்

“அம்மா, வாயைத் திறவுங்கோ.”

இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடாதே என்று சாருஜாவுக்கு இரண்டு வருடமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அப்பா சொன்னார். ரொறன்ரோவிலிருந்து இரவிச்சந்திரன் மாமா கிழமைக்கு ஒருதரம் தொலைபேசியில் சொன்னார். கோயிலில் அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் வெட்டுகிற, பெயர்கூடத் தெரியாத ஒரு மனுசி அவளுடைய முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னாள்: “எதை வேணுமெண்டாலும் கேள் பிள்ளை, உதை மட்டும் கேளாதை. கொம்மா உடைஞ்சுபோவா.”

கேட்டுவிட்டாள். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மொன்றியலை அடுத்த லவாலில் இருந்த வீட்டுக் குசினியில், மதியம் பன்னிரண்டு மணிக்கு, அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த பலகைக்கு மேலாக ஒரு பஞ்சுக்குச்சியை நீட்டிக்கொண்டு நின்றாள்.

செல்வமலரின் கத்தி நின்றது. வாய் திறக்கவில்லை. மருந்து குடிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிற குழந்தையைப்போல உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள்.

“கன்னத்துக்கு உள்பக்கம் தேய்க்கிறது. ஒரு பக்கம் முப்பது செக்கன். நோகாது.”

வரவேற்பறையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. அருமைநாதன் இடுப்புப் பட்டியை இறுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இருபத்தைந்து வருடம் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிய இடுப்பு அது.

“என்னடி உது கையிலை?”

“டி.என்.ஏ. எடுக்கிற குச்சி.”

“நான் உனக்கு என்ன சொன்னனான்?”

“சொன்னனீங்கள். நானும் ரெண்டு வருசமா உங்கடை சொல்லைக் கேட்டனான். இனிக் கேக்கேலாது. கடிதம் வந்திட்டுது அப்பா.”

கடிதத்தை அவள் லீக்ஸ் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். உக்ரேனிலிருந்து வந்திருந்தது. போரில் இறந்தவர்களின் உடல்களை இரண்டு பக்கமும் மாற்றிக்கொண்டபோது வந்து சேர்ந்த ஒன்றுக்கு அங்கே 317 என்று எண் போட்டிருந்தார்கள். சகோதரி என்று சாருஜா முன்பு கொடுத்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். உறவு இருக்கிறது போலவும் இருக்கிறது, உடன்பிறப்பு என்று சொல்லவும் போதவில்லை. தாயின் மாதிரி அல்லது தகப்பனின் மாதிரி வேண்டும். அறுபது நாளுக்குள் வராவிட்டால் அந்த எண்ணையே கல்லில் எழுதிப் புதைத்துவிடுவார்கள்.

“அது அவனில்லை,” என்றார் அருமைநாதன், கடிதத்தைத் தொடாமலே. “அதிலையே எழுதிக் கிடக்குதெல்லோ, பொருந்தேல்லை எண்டு.”

“ஆய்வுகூடத்திலை குழப்பியிருப்பாங்கள். பழுதாப்போன உடம்பிலை எடுத்தா உப்பிடித்தான் வரும். நான் பயோகெமிஸ்ட்ரி படிச்சனான் அப்பா, எனக்குத் தெரியும்.”

அந்த வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் சாருஜா. அந்தப் பட்டமளிப்புப் படம் வரவேற்பறைச் சுவரில் தொங்கியது. தனக்குத் தெரியும் என்று அவள் சொன்னால் அதற்குமேல் அந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று அவள் எவ்வளவு உரத்துச் சொன்னாள் என்பது கொஞ்ச நேரத்தில் அவளுக்கே விளங்கப்போகிறது.

பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் கீர்த்திகனின் படம். அதற்கு மாலை போடவில்லை. மாலை போட அம்மா விடவில்லை.

*

கீர்த்திகன் அவளைவிட நான்கு வயது மூத்தவன். 2003ஆம் ஆண்டு டிசம்பரில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மொன்றியலில் வந்து இறங்கினான். அப்பா நான்கு வருடம் முந்தியே அகதியாக வந்து, பிறகு இரண்டு பேரையும் ஸ்பொன்சர் செய்து எடுத்தவர். விமான நிலையத்துக்கு அவர் கொண்டுபோன குளிர்ச்சட்டை இரண்டு மடங்கு பெரிது, பிள்ளை அதற்குள்ளே காணாமல் போய்விட்டான் என்று வீட்டில் நூறு தரம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சொல்லாமல் விட்டது ஒன்றும் உண்டு. வந்த பிறகு எட்டு மாதம் அவன் வாய் திறக்கவில்லை. கார்டெறி என்கிற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் அவனுக்குக் காது கேட்காது என்றே நினைத்தார்கள். முதற்சொல் பிரெஞ்சில்தான் வந்தது. கோட்-டெ-நெய்ஜில் அவர்கள் அப்போது இருந்த தொடர்மாடிக்குப் பக்கத்துப் பூங்காவில், கோடையில் தண்ணீர் பீய்ச்சுகிற தூணின் கீழே நின்றுகொண்டு “ஆங்கோர்” என்றானாம். இன்னும் வேண்டும் என்று.

தண்ணீர் என்றால் அவனுக்கு விசர். குளியல் தொட்டியில் சவர்க்காரப் பெட்டி மிதக்கும். நோத்ர-டாம்-த-கிரேஸ் நீச்சல் குளத்தில் சாருஜாவைத் தள்ளிவிட்டுத்தான் நீந்தப் பழக்கினான். அவள் மூக்கால் தண்ணீர் வழிய வழியத் திட்டினாள். அவன், “திட்டுறதை நிப்பாட்டிப்போட்டுக் காலை அடியடி, மூதேசி,” என்றான். பனிக்காலத்தில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். அவளுக்குப் புள்ளிகள் வந்தன, அவனுக்கு வாத்தியார்மாரின் கடிதங்கள் வந்தன. கடிதங்களில் அப்பாவின் கையெழுத்தை அப்பாவைவிட வடிவாகப் போட்டான்.

பதினெட்டு வயதில் செஜெப் கல்லூரியை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனான். கப்பலில் கொள்கலன்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிற வேலை. மாலையில் கடற்படையின் பகுதிநேரப் பிரிவுக்குப் போய்ப் படகு ஓட்டப் பழகினான். “கப்பல்காரனுக்கு ஆரடா பொம்பிளை குடுப்பான்?” என்று அப்பா கேட்டார். “கப்பல்காரி குடுப்பாள்,” என்றான். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய்விட்டாள்.

போகப்போகிறான் என்பதை முதலில் சாருஜாவுக்குத்தான் சொன்னான். 2023 பெப்ரவரி. வணிக வளாகத்து வாகனத் தரிப்பிடத்தில், ஹீட்டர் போட்ட காருக்குள், மடியில் பூட்டீன் பெட்டியை வைத்துக்கொண்டு.

“சாரு, அங்கை மரைன்காரருக்குப் படகு ஓட்டத் தெரிஞ்ச ஆக்கள் காணாதாம்.”

“எங்கை?”

“உக்ரேனிலை.”

“உனக்கென்ன விசரே? நாங்கள் சண்டைக்குப் பயந்து ஓடிவந்த சனம். நீ சண்டையைத் தேடிப் போறியோ?”

“நீ எங்கையடி ஓடினனி? நீ சென் மேரி ஆசுப்பத்திரியிலை பிறந்தனி.”

“பகிடி விடாதை அண்ணா. அது ஆற்றை சண்டை?”

கீர்த்திகன் கொஞ்ச நேரம் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தான். “காயப்பட்ட ஆக்களை ஆத்துக்கு இஞ்சாலை ஏத்திக்கொண்டு வாறதுதான் வேலை. பெட்டி கட்டுறதை விடக் கஷ்டமாயிருக்கும். ஆனா பெட்டி எனக்கு மெர்சி சொல்லாது.”

நன்றி எதிர்பார்க்கிற அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்றுவரைக்கும் பிடிக்கவில்லை. அவள் காரை விட்டிறங்கிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

அங்கே அவனை மரைன் படையணி ஒன்றில் சேர்த்தார்கள். தினேப்பர் என்கிற பெரிய ஆறு. இந்தக் கரை இவர்களுடையது, அந்தக் கரையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் இவர்களுடையது. அந்தத் துண்டுக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கி, காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். மேலே ட்ரோன். கூட நின்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் மெற்றோ. காரணம், என்ஜினைத் தட்டும்போதெல்லாம் மொன்றியல் மெற்றோவின் அறிவிப்புக் குரலில், “புரொஷேன் ஸ்தாசியோன்...” என்று இழுப்பானாம். அடுத்த நிலையம். காலில்லாமல் கிடந்தவன்கூடச் சிரித்தானாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு எடுப்பான். முதல் அழைப்பு வீட்டுக்கு அல்ல. முல்லைத்தீவில், அளம்பிலில் இருக்கிற குணேஸ்வரி சின்னம்மாவுக்கு. அம்மாவின் தங்கச்சி. அவளுக்குத் தான் சரக்குக் கப்பலில் வேலை செய்வதாகப் பொய் சொல்லி வைத்திருந்தான். “கவலைப்படாமல் இருக்கட்டும் சாரு, மனுசிக்கு ஆரிருக்கினம்?” என்பான். பிறகுதான் வீட்டுக்கு எடுப்பான். “உனக்கு எங்களை விடச் சின்னம்மாதானே பெரிசு,” என்று சாருஜா சண்டை பிடிப்பாள். அவன் சிரிப்பான்.

2024 ஜனவரியில் மூன்று தரம் போனான். இரண்டு தரம் திரும்பி வந்தான், ஒன்பது பேரோடு. மூன்றாவது தரம் படகு கவிழ்ந்தது மற்றக் கரைக்குக் கிட்ட. மறுநாள் அந்தக் கரையில் இவர்கள் இறங்குகிற இடம் எதிரியின் கையில் போனது. அவனும் அங்கேயே கிடந்தான். அவனுக்கு இருபத்துமூன்று வயது. அவனோடு ஒரே படகில் ஓடிய, கஸ்பெசி என்கிற கடற்கரைப் பகுதிப் பையன் ஒருவன் பிறகு மொன்றியலுக்கு வந்து, ஒரு கோப்பிக் கடையில் இருந்து, தன்னுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டு இதை எல்லாம் சொன்னான். அவன் கடைசியாகச் சொன்னது: “உங்கள் அண்ணா எங்களுக்குக் கெட்ட வார்த்தை ஒன்று பழக்கினார். தமிழில். நாங்கள் எல்லோரும் சொல்லுவோம்.” என்ன வார்த்தை என்று சாருஜா கேட்டாள். அவன் மிகவும் மரியாதையாக, “மூதேசி,” என்றான்.

*

கஸ்பெசிப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தவள் அக்னெஸ். நோத்ர-டாம்-த-கிரேஸில் தனியாக இருக்கிற, ஓய்வுபெற்ற தாதி. அவளுடைய மகனும் அங்கே போய் ஒரு காலோடு திரும்பியவன். அதற்குப் பிறகு அங்கே போன பிள்ளைகளின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதுவதும் படிவம் நிரப்புவதுமே அவளுடைய வேலையாகிவிட்டது. சாருஜாவின் கன்னத்தில் மாதிரி எடுத்து அனுப்பியவளும் அவள்தான். கீர்த்திகனின் சவர அலகு கிடைத்தாலும் போதும் என்று கேட்டாள். சாருஜா தேடிப் பார்த்தாள். அம்மா அதை டெட்டோல் ஊற்றிக் கழுவி, காயவைத்து, உறையில் போட்டு வைத்திருந்தாள், மகன் வந்தால் சுத்தமாக இருக்கட்டும் என்றாள்.

அப்போது நடந்த சின்ன விடயம் ஒன்று. சாருஜா அதை மறந்தே போயிருந்தாள்.

மரைனில் சேரும்போது கீர்த்திகன் தன் கையால் நிரப்பிய படிவத்தின் பிரதியை அக்னெஸ் மேசையில் வைத்தாள். “ஒரு சிக்கல். அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர்: செல்வமலர், உறவு: அம்மா. சரி. ஆனால் தாயின் பெயர் எழுதும் கட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது. கு-ணே-ஸ்-வரி. யார் இது?”

சாருஜா வாய்விட்டுச் சிரித்தாள். “அது எங்கள் சின்னம்மா. அவன் அப்படித்தான், ஒரு படிவம் ஒழுங்காக நிரப்பமாட்டான்.”

“திருத்த வேண்டும். இல்லாவிட்டால் பிறகு பிரச்சினை.”

திருத்தினாள். சத்தியக் கடதாசி ஒன்றில், குணேஸ்வரி என்பது தவறு, செல்வமலர் என்பதே சரி என்று எழுதி, அதற்கென்று இருக்கிற ஆணையாளருக்கு முன்னால் கையெழுத்து வைத்தாள். ஐந்து நிமிட வேலை.

*

“அம்மா, நீங்கள் அவன் உயிரோடை இருக்கிறான் எண்டு நம்புறீங்கள். எனக்கு விளங்குது,” என்றாள் சாருஜா. குச்சியைப் பிடித்த கை வலிக்கத் தொடங்கியிருந்தது. “காணாமல்போன பிள்ளையளின்ரை படத்தைப் பிடிச்சுக்கொண்டு ஊரிலை ரோட்டிலை இருக்கிற தாய்மாரை நானும் பாத்தனான். அதாலைதான் ரெண்டு வருசம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தனான். ஆனா இது அவனெண்டா? அந்தக் குளிருக்குள்ளை ஒரு நம்பரோடை புதைக்க விடப்போறீங்களோ? நீங்கள் தாய்தானே?”

கடைசி வசனம் வாயிலிருந்து போன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான வசனம் என்று அவளுக்கே பட்டது. திருப்பி எடுக்கவில்லை.

“நான் நம்பேல்லை,” என்றாள் செல்வமலர்.

“என்ன?”

“அவன் இருக்கிறான் எண்டு நான் ஒருநாளும் நம்பேல்லை. செத்திட்டான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.”

“இஞ்சாரும்,” என்றார் அருமைநாதன். “வாயை மூடும்.”

“ரெண்டு வருசமா மூடித்தானே வைச்சிருக்கிறன்.” செல்வமலர் கத்தியை மெதுவாகப் பலகையில் வைத்தாள். “பிள்ளை, என்ரை எச்சிலை அனுப்பினா அதுவும் பொருந்தாது. அவன் என்ரை வயித்திலை பிறக்கேல்லை.”

குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. சாருஜாவுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. கடிதத்தின் அந்த வரிதான் வந்தது. உறவு இருக்கிறது போலவும் இருக்கிறது, உடன்பிறப்பு என்று சொல்லவும் போதவில்லை. மூன்று வருடம் படித்ததே இப்படி ஒரு வரியை வாசிக்கத்தான். வாசித்துவிட்டு, ஆய்வுகூடத்துக்காரன் குழப்பிவிட்டான் என்று சொன்னாள்.

“குணேஸ்வரி சின்னம்மா,” என்றாள். கேள்வியாக இல்லை.

அம்மா தலையாட்டினாள். பிறகு நின்ற நிற்பிலேயே, ஒரு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதுபோலச் சொல்லிக்கொண்டு போனாள்.

அப்பா 1999இல் கொழும்பால் வெளிக்கிடும்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை. பெடியன் பிறந்தான். கீர்த்திகன் என்று பெயர் வைத்து, பிறப்புப் பதிவு எடுத்து, அதை இங்கே அனுப்பினாள். அப்பா தன்னுடைய அகதி வழக்கில் மனைவி ஒன்று, மகன் ஒன்று என்று எழுதினார். ஐந்தாம் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல். சண்டை நேரம், மருந்தில்லை. இரண்டு நாளில் போய்விட்டது. அந்தச் சண்டைக்குள்ளே இறப்பை ஆர் போய்ப் பதிந்தார்கள்? ஒருவரும் பதியவில்லை.

“அதே வருசம் குணேசுக்கும் பெடியன். யதுசன். அவன்ரை தேப்பன் மீன்பிடிக்கப் போன இடத்திலை கடலிலை சுட்டுப்போட்டாங்கள், உடம்பும் கிடைக்கேல்லை. பேந்து சமாதானம் எண்டு பாதை திறந்தவை. எனக்கு இஞ்சையிருந்து ஸ்பொன்சர் வந்தது, ரெண்டு பேருக்கு. குணேஸ் வந்து என்ரை காலடியிலை இருந்தவள். அக்கா, இந்தச் சமாதானம் நிக்காது, இவன் வளர வளர எனக்கு நெஞ்சு பதறுது, செத்த பிள்ளையின்ரை கடதாசியிலை இவனைக் கொண்டு போங்கோ எண்டவள்.”

“சண்டைக்குப் பயந்து,” என்றாள் சாருஜா.

“ஓம். சண்டைக்குப் பயந்துதான் என்ரை கையிலை தந்தவள்.” செல்வமலரின் குரல் அந்த இடத்தில் மட்டும் உடைந்தது. “பிளேன் முழுக்கச் சொல்லிக் குடுத்தனான். உன்ரை பேர் கீர்த்திகன். நான் அம்மா. ஆரும் கேட்டா அப்பிடித்தான் சொல்லவேணும். மாறிச் சொன்னா எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். மூண்டு வயசுப் பிள்ளை. அதுக்குப் பிறகு அவன் வாயே திறக்கேல்லை.”

எட்டு மாதம். சாருஜா கையிலிருந்த பஞ்சுக்குச்சியைப் பார்த்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பைக்குள் செருகினாள்.

அருமைநாதன் கதிரையை இழுத்து இருந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். போடவில்லை. “நான் பெத்த பிள்ளையை நான் கண்ணாலையும் காணேல்லை,” என்றார். “ஏயர்போட்டிலை இவன் வந்து என்ரை இந்த விரலைப் பிடிச்சவன். பேந்து எனக்கு வேறை பிள்ளை தெரியாது. ஆனா பிள்ளை, சட்டத்துக்கு அது களவு. உந்த மாதிரியைக் குடுத்து, பொருந்தேல்லை எண்டு எழுதி வந்து, அது இமிக்ரேஷன்காரன்ரை கையிலை போனா, சிற்றிசன்சிப்பைப் பிடுங்குவான். எனக்கு ஐம்பத்தெட்டு. இந்த இடுப்பை வைச்சுக்கொண்டு நான் எங்கை போறது?”

“அண்ணாவுக்குத் தெரியுமோ?”

“இல்லை,” என்றாள் அம்மா. “ஒருநாளும் சொல்லேல்லை. குணேசும் சொல்லேல்லை, சத்தியம் வாங்கினனான்.”

“அவனுக்குத் தெரியும் அம்மா.”

இப்போது சாருஜாவின் முறை. படிவத்தைப் பற்றிச் சொன்னாள். தாயின் பெயர் எழுதும் கட்டத்தில் அவன் எழுதியதைச் சொன்னாள். தான் சிரித்ததைச் சொன்னாள். கையெழுத்து வைத்ததையும் சொன்னாள். அண்ணா தன்னுடைய வாழ்க்கையில் ஒழுங்காக நிரப்பிய ஒரே படிவம் அதுதான், அதை நான் பிழை என்று வெட்டினேன் என்றாள்.

செல்வமலர் கையை மேலாடையில் துடைத்தாள். பிறகு, மிகவும் சின்னக் குரலில் கேட்டாள்: “அப்ப என்னை? என்னை என்னெண்டு எழுதினவன்?”

“அவசரத்துக்கு ஆருக்குச் சொல்லவேணும் எண்ட இடத்திலை உங்கடை பேர். உறவு எண்ட இடத்திலை, அம்மா.”

“அம்மா எண்டோ?”

“அம்மா எண்டுதான்.”

அவள் குசினித் தரையில் அப்படியே இருந்துவிட்டாள். அழுகை வர நேரமெடுத்தது. வந்தபோது அருமைநாதன் எழும்பப் பார்த்தார், இடுப்பு விடவில்லை. கதிரையில் இருந்தபடியே கையை நீட்டி அவளுடைய தலையில் வைத்தார்.

சாருஜாவுக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கோபமாக இருப்பது வசதி. ஆனால் அந்தப் பாவத்துக்கு உள்ளே ஒரு கேள்வி முள்ளாக நின்றது. அதைக் கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

“சின்னம்மாவுக்கு ஆர் சொன்னது?”

அருமைநாதன் செல்வமலரைப் பார்த்தார்.

“ரெண்டு வருசம் அம்மா.”

செல்வமலர் மேலாடைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து நீட்டினாள். வாட்ஸ்அப்பில் குணேஸ்வரியின் பெயர். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்வி. அக்கா, தம்பி கப்பலாலை இறங்கிட்டானோ? ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பதில். இன்னும் இல்லை, நடுக்கடலிலை சிக்னல் இல்லையாம். அவன் தொடக்கி வைத்த பொய்யை அம்மா விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்றைய கேள்வி காலையிலேயே வந்து பதிலில்லாமல் கிடந்தது.

கடலுக்குப் போன புருஷனுக்காக அந்த மனுசி எத்தனை வருடம் காத்திருந்திருப்பாள்? கடைசிச் சண்டைக்குள்ளாலும் தனியே நடந்து வெளியே வந்தவள். இப்போது இன்னொரு கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

சாருஜா மாடிக்குப் போனாள். அப்பாவின் அலுமாரிக்கு அடியில் கறுப்புத் தோல் பை. பாஸ்போட்டுகள், அகதி வழக்குக் கடதாசிகள், மொழிபெயர்த்து முத்திரை குத்திய பிறப்புப் பதிவுகள். இருபத்தைந்து வருடமாக எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்பதுபோல அது ஸிப் பூட்டியபடியே இருக்கும். அவள் தன்னுடைய பாஸ்போட்டை எடுத்தாள். கீர்த்திகன் என்று போட்ட பிறப்புப் பதிவு கையில் பட்டது. ஐந்து மாதம் வாழ்ந்த ஒரு பிள்ளையின் கடதாசி. அதை இருந்த இடத்திலேயே வைத்து ஸிப்பைப் பூட்டினாள்.

கட்டிலில் இருந்து அக்னெசுக்கு எழுதினாள். நான் முன்பு கொடுத்த சத்தியக் கடதாசியைத் திரும்பப் பெறுகிறேன். என் அண்ணன் படிவத்தில் எழுதியது சரி. அவனுடைய தாயின் மாதிரியை நான் நேரில் போய் எடுத்து வருகிறேன். மாதிரி எடுக்கிற புதிய பெட்டி ஒன்று வேண்டும், இப்போதே வருகிறேன்.

அனுப்பினாள். பிறகு கொழும்புக்குப் புதன்கிழமை விமானத்தில் ஓரிடம் பதிந்தாள். அதற்குப் பிறகுதான் கீழே இறங்கினாள்.

அருமைநாதன் வாசலுக்கு வந்திருந்தார். “பாஸ்போட்டை எடுத்தனியோ?”

“ஓம்.”

“எங்கை?”

“அளம்பிலுக்கு.”

“பிள்ளை, யோசி. ரெண்டு நாள் யோசி. லோயரோடை கதைப்பம்.”

“கதையுங்கோ அப்பா. நல்ல லோயராப் பாத்துக் கதையுங்கோ. நான் உங்களைக் காட்டிக் குடுக்கப் போகேல்லை. அண்ணா எழுதினதை நான் வெட்டினனான். அதைத் திருப்பி எழுதத்தான் போறன். அதாலை பிரச்சினை வந்தா உங்களுக்குப் பக்கத்திலை நிண்டு நானும் பதில் சொல்லுறன். ஆனா அவனை நம்பரோடை புதைக்க விடமாட்டன்.”

“நீ என்னட்டைக் கேக்கேல்லை.”

“இல்லை. கேக்கேல்லை.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வாசலை விட்டு விலகினார். விலகியது சம்மதமா இடுப்பு வலியா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. குனிந்து சப்பாத்தின் நாடாவைக் கட்டினாள்.

செல்வமலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள். கையில் லீக்ஸ் வாசம். “போன உடனை சொல்லிப்போடாதை,” என்றாள். “குணேஸ் காலமை வெறுந்தேத்தண்ணியோடை நிப்பாள். நீ வாறாய் எண்டா ஓடித் திரிஞ்சு சமைப்பாள், தான் சாப்பிடமாட்டாள். பிடிச்சு இருத்திச் சாப்பிடப் பண்ணு. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு சொல்லு.”

“சரி அம்மா.”

“பக்கத்து வீட்டிலை ஒரு மனுசி இருக்கிறா. அவவையும் கூப்பிட்டு வைச்சுக்கொண்டு சொல்லு.”

“சரி.”

“நான் ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டா...” செல்வமலர் நிறுத்தினாள். வசனத்தை முடிக்க ஒரு சொல்லைத் தேடினாள். கிடைக்கவில்லை. “கேட்டா, நீயே ஏதும் சொல்லு.”

“ஏதும் சொல்லமாட்டன் அம்மா. உள்ளதைச் சொல்லுவன்.”

செல்வமலர் தலையை ஆட்டினாள். சாருஜாவின் குளிர்ச்சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டாள், இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு.

சாருஜா கதவைத் திறந்து இறங்கினாள். படியில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. பேருந்து வர இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. அவள் தரிப்பிடத்தில் நிற்கவில்லை. அக்னெசிடம் பெட்டி வாங்க மொன்மொரென்சி மெற்றோவை நோக்கி நடந்தாள்.